எந்த நிமிடத்தில்?

2014 அக்டோபரில் வேலைக்காக ஜெர்மனியின் லைப்ஸிக் நகருக்கு வந்து சேர்ந்தபோது, என் பெட்டியில் இருந்தவற்றுள் நான் அதிகம் பத்திரப்படுத்தியது ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க். பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்த இசை முழுவதும் அதில் இருந்தது. வீட்டு ஒப்பந்தத்துடன் தரப்பட்ட விதிகளை அலுவலகத் தோழர் ஒருவர் எனக்கு விளக்கினார். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையிலும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமைதி காக்க வேண்டும். மற்ற வேளைகளிலும் பாட்டு என் அறையின் சுவரைத் தாண்டிக் கேட்கக் கூடாது. இதைக் குறிக்க 'ஸிம்மர்லவுட்ஷ்டேர்க்கே', அதாவது 'அறை அளவான ஒலி' என்று அவர்கள் மொழியில் ஒரே சொல் இருக்கிறது. அந்த வாரமே ஹெட்போன் வாங்கினேன்.

அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. குழந்தை தூங்கும் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அது என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதை உணரச் சில மாதங்கள் ஆயின. நம்மிடையே பாட்டு பெரும்பாலும் பொதுவில் ஒலிப்பது. பேருந்து ஓட்டுநர் தேர்ந்தெடுத்ததை ஐம்பது பேர் கேட்கிறோம். எதிர்வீட்டில் எந்தப் பாட்டு விருப்பம் என்பது தெரு முழுவதற்கும் தெரியும். 'நீ இப்போது என்ன கேட்கிறாய்' என்று யாரும் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, ஏனெனில் அது ஏற்கெனவே எல்லோர் காதிலும் விழுந்துகொண்டிருக்கிறது. லைப்ஸிக்கின் ட்ராமிலோ, எனக்கு முன்னால் நின்றிருந்த பத்துப் பேரும் பத்து வேறு இசைக்குள் இருந்தார்கள். ஒருவருடைய கால்விரல் தாளம் போடுவது மட்டும் தெரியும். எந்தத் தாளத்துக்கு என்பது தெரியாது. இசை அரங்கிலும் இதே அமைதிதான். ஒரு படைப்பின் பகுதிகளுக்கு இடையே கைதட்டுவதுகூட முறையன்று. நானோ தொடையில் தாளம் போட்டுக்கொண்டும், நல்ல இடம் வந்தால் 'ஆஹா' என்று வாய்விட்டுச் சொல்லியும் கச்சேரி கேட்டு வளர்ந்தவன். கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மணிநேரம் அமர்ந்திருந்த முதல் நாளில், கேட்டதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வீடு திரும்பினேன்.

அலுவலகத்தில் ஆங்கிலமே போதுமானதாக இருந்ததால், ஜெர்மன் மொழி வகுப்பில் சேர 2016 வசந்தகாலம் ஆகிவிட்டது. அங்கே ஒரு மாலை ஆசிரியை 'கெராடெ' என்ற சொல்லைக் கற்பித்தார். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு ஜெர்மனில் தனி வினைவடிவம் கிடையாது. 'கேட்கிறேன்' என்பதோடு 'இப்போது' என்று பொருள்படும் 'கெராடெ'யைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்காக ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் 'இப்போது என்ன இசை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?' என்று வினவ வேண்டும் என்றார். தமிழில் விசாரிப்பதற்கும் செவிமடுப்பதற்கும் 'கேள்' என்ற ஒரே வினைதான் இருக்கிறது என்பதை அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். ஆசிரியைக்கு அது மிகவும் பிடித்துப்போய், என் சொல்லைப் பலகையில் எழுதச் சொன்னார்.

என் பக்கத்தில் இருந்தவர் சிரியாவிலிருந்து முந்தைய ஆண்டு வந்திருந்த பெண். உம் குல்தூம் என்று பதில் சொன்னார். 1975இல் மறைந்த அந்த எகிப்தியப் பாடகியின் கச்சேரிகளை மாதத்தின் முதல் வியாழக்கிழமைகளில் கெய்ரோ வானொலி பல்லாண்டுகள் ஒலிபரப்பியது என்பதையும், ஒரே பாடல் ஒரு மணிநேரம்கூட நீளும் என்பதையும், அவையோர் கேட்கக் கேட்க ஒரே வரியை அவர் வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்பப் பாடுவார் என்பதையும் கையசைவின் துணையோடு விளக்கினார். நம் கர்நாடக இசையின் நிரவலைப் பற்றி அதைவிடத் தெளிவாக என்னாலும் சொல்லியிருக்க முடியாது. பாடிக் காட்டுங்கள் என்றேன். அவர் தாழ்ந்த குரலில் முனகிய சில சுரங்களில் நான் திடுக்கிட்டேன்: ஷட்ஜத்தை ஒட்டிய ரிஷபம், அங்கிருந்து பெரிய தாவலாக ஒரு காந்தாரம், உடனே மத்தியமம். சிறுவயதில் நான்கு ஆண்டுகள் வயலின் கற்ற நான், முதல் நாளில் சரளி வரிசை வாசித்த மாயாமாளவகௌளை ராகம் அது. அரபு இசையில் அந்தச் சுரவரிசைக்கு 'ஹிஜாஸ் கார்' என்று பெயர். நான் சரளி வரிசையை மெல்லப் பாடினேன்; மேல் ஷட்ஜத்தில் நிறுத்தியதும் அவர் தம் மொழியின் ஒரு வரியால் கீழே இறங்கிவந்தார். அவ்வளவு நாள் வகுப்பில் நாங்கள் பரிமாறிக்கொண்டிருந்தது முகவரியும் தொழிலும் மட்டுமே.

அக்காலத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. உரிமத்தொகை பற்றிய தகராறு ஒன்றினால் 2009 முதல் 2016 நவம்பர் வரை ஏராளமான இசைக் காணொளிகள் ஜெர்மனியில் திறக்கவே இல்லை. நண்பர்கள் அனுப்பும் இணைப்பைத் தொட்டால், இந்த நாட்டில் இது கிடைக்காது என்ற அறிவிப்புதான் வரும். ஆகவே நாங்கள் கைப்பேசியில் சேமித்து வந்ததை, இயர்போனின் ஒரு முனை அவர் காதிலும் மறுமுனை என் காதிலுமாக, வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் கேட்டோம். இணைப்பை அனுப்பிவிட்டு மறந்துபோவதற்கும், ஒருவர் கேட்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அருகே இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பத்து நிமிடங்கள்தாம் எனக்குக் காட்டின.

அந்தத் துணிச்சலில்தான் அலுவலகத்தில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த மூத்த பொறியாளரிடம், அவர் ஹெட்போனைக் கழற்றிய ஒரு நொடியில், வகுப்பில் கற்ற அதே வாக்கியத்தைச் சொன்னேன். ஓய்வுபெற ஐந்தாறு ஆண்டுகளே இருந்த மனிதர். அமெச்சூர் பாடகர் குழு ஒன்றில் கீழ்க்குரல் பாடுபவர். ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை எடுத்து எழுதிக் கொடுத்தார்: பாக், கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், பியானோ கிளென் கூல்ட், 1955, கீழே, அதே படைப்பு, அதே கலைஞர், 1981. இரண்டையும் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

1723 முதல் 1750இல் இறக்கும்வரை இசையமைப்பாளர் பாக் இந்த லைப்ஸிக்கில்தான் பணியாற்றினார். தாமஸ் தேவாலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கிறது. அதன் வழியாக நாள்தோறும் போய்வந்துகொண்டிருந்தும், அதுவரை அவருடைய ஒரு படைப்பையும் நான் முழுமையாகக் கேட்டதில்லை. இரண்டு பதிவுகளையும் கேட்டேன். முதலாவது ஏறத்தாழ 38 நிமிடம், இரண்டாவது 51 நிமிடம்; ஒரே மனிதர் இளைஞராக ஓடிய வழியை, கால் நூற்றாண்டு கழித்து நின்று நிதானித்து நடப்பது போல இருந்தது. திங்கட்கிழமை அவரிடம், 'மிக அழகாக இருந்தது' என்றேன். 'எந்த நிமிடத்தில்?' என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. கடிந்து கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். மறுபடி கேட்டேன். இந்தப் படைப்பில் முப்பது மாறுபாடுகளும் மேலே ஒலிக்கும் இனிய மெட்டைப் பின்பற்றவில்லை. முதலில் வரும் 32 தாள அளவுகளின் கீழ்க்குரல் நகர்வைத்தான் பின்பற்றுகின்றன. இடதுகையைக் கவனியுங்கள் என்று அவர் சொல்லிக் கொடுத்தும், என் செவி மேலே போய்விடும். ஒற்றைக் குரலின் வளைவு நெளிவுகளில் மூழ்கிப் பழகிய செவி அது. மூன்று குரல்கள் ஒரே சமயம் பேசினால் எதையும் பிடிக்க முடியாமல் தவித்தது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து ஒரு காலையில், ட்ராமில், கீழ்க்குரல் தானாகவே பிரிந்து கேட்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். கூல்ட் வாசிக்கும்போதே வாய்க்குள் முனகுவதும் அன்றுதான் காதில் பட்டது. அதைப் பதிவின் குறையாகச் சிலர் சொல்வதுண்டாம். எனக்கு அந்த முனகல்தான் அவரை அருகில் கொண்டுவந்தது. இம்முறை நிமிடக் கணக்கோடு எழுதிக் கொடுத்தேன்.

இனி என் முறை. 1986இல் இளையராஜா வெளியிட்டு, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய வாத்திய இசைத் தொகுப்பைக் கொடுத்தேன். அவருக்கு இதைவிடப் பொருத்தமானது இருக்க முடியாது என்று நம்பினேன். மதிப்போடு கேட்டார்; வயலினைப் புகழ்ந்தார்; யார் வாசித்தது என்று கேட்டார். வி. எஸ். நரசிம்மன் என்று அந்தத் தொகுப்புக்கு என்னால் சொல்ல முடிந்தது. ஆனால் நான் உயிராக நேசிக்கும் எத்தனையோ திரைப்பாடல்களில் புல்லாங்குழல் யாருடையது, தபேலா யாருடையது என்பது எனக்கே தெரியாது என்பதை அந்தக் கேள்வி உணர்த்தியது. பாடகர் பெயரும் கவிஞர் பெயரும் நாவில் நிற்க, அந்த ஒலியை உண்டாக்கிய கைகளை நாம் பெயரில்லாமல் விட்டிருப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். கடைசியாக அவர் சொன்னது இது: 'இதில் எனக்குத் தெரிந்தது ஒன்று தெரிகிறது. எனக்குத் தெரியாததைக் கொடுங்கள்.'

டி. என். ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி ராகத்தைக் கொடுத்தேன்.

பழைய பதிவின் இரைச்சல் அவருக்குப் பொருட்டாக இல்லை. நாகஸ்வரத்தின் சீவாளியைப் பற்றி விவரித்ததும், அது ஓபோவைப் போல இரட்டை நாணல் கருவி என்பதைப் புரிந்துகொண்டார்; பாக்கின் தேவாலயப் படைப்புகளில் ஓபோ எங்கெல்லாம் வரும் என்று பட்டியலே சொன்னார். ஆனால் காந்தாரத்தில் இடறினார். 'மூன்றாம் சுரம் சுருதியில் நிற்கவில்லையே' என்றார். எனக்கு நெஞ்சு துணுக்குற்றது. தோடியின் உயிரே அந்தக் காந்தாரம் என்று சொல்லத் தோன்றியது. அப்படிச் சொன்னால் அவர் 'எப்படி?' என்று கேட்பார் என்பதும் தெரிந்தது. அன்று இரவு உட்கார்ந்து அதே இடத்தைப் பலமுறை கேட்டு, சுரம் கீழே ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மேலே மத்தியமத்தின் பக்கம்வரை ஊசலாடுவதையும், எந்த ஒரு புள்ளியிலும் தங்காமல் அந்த ஊசலாட்டத்தையே காந்தாரம் என்று நம் செவி ஏற்பதையும் ஒரு தாளில் கோடாக வரைந்தேன். நான்கு ஆண்டுகள் வயலின் கற்றும், தோடியை நூறு முறை கேட்டும், அந்தச் சுரத்தை நான் அதுவரை உற்றுக் கேட்டதே இல்லை. கேட்டுப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

அவர் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பியானோவில் தேடியிருக்கிறார். மறுநாள் காலை, 'அது எந்தக் கட்டையிலும் இல்லை, கட்டைகளுக்கு நடுவே இருக்கிறது' என்றார். அன்றுதான் என்னை 'நீ' என்று அழைத்து, தம்மையும் 'நீ' என்று அழைக்கும்படி சொன்னார். ஜெர்மனிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' உண்டு. மூத்தவர்தான் அந்த மாற்றத்தை முன்மொழிய வேண்டும். ஜெர்மனில் பேசும்போது அப்படியே அழைக்கிறேன். தமிழில் எழுதும்போது மட்டும் என் கை 'அவர்' என்றே எழுதுகிறது.

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எம்பி3 முறை ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் உள்ள பிரான்ஹோபர் ஆய்வகத்தில் உருவானது என்று அவர்தான் சொன்னார். குறுந்தகட்டில் நொடிக்கு 1411 கிலோபிட் இருப்பதை, செவி எப்படியும் தவறவிடும் ஒலிகளை நீக்கி, 128 கிலோபிட்டாகச் சுருக்கலாம். பதினைந்து ஆண்டு இசையை ஒரு கைப்பெட்டியில் அடக்கிக்கொண்டு நான் கடல் கடந்ததற்கு, நான் வந்து சேர்ந்த நாடே காரணமாக இருந்திருக்கிறது. ஆனால் அதில் இருந்த ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனத்தைக் குறுந்தகட்டிலிருந்து கேட்கச் செய்து, விரல் தோலில் விழும் நொடியின் கூர்மை என் கோப்பில் மழுங்கியிருப்பதையும் அவரே காட்டினார். அதன்பின் முக்கியமானவற்றைச் சுருக்காத வடிவில் மீண்டும் தேடிச் சேர்த்து வருகிறேன்.

சிரியத் தோழி வேறு நகருக்குப் போய்விட்டார். எப்போதாவது குரல்பதிவில் ஒரு வரி பாடி அனுப்புவார். பொறியாளர் ஓய்வுபெற்று விட்டார். ஒட்டுத்தாள்கள் நின்று, அஞ்சலட்டைகள் வரத் தொடங்கின. சென்ற வாரம் வந்த அட்டையில் ஷூபர்ட் 1827இல் வில்ஹெல்ம் முல்லரின் கவிதைகளுக்கு இசையமைத்த விண்டர்ரைஸ, 24ஆம் பாடல் என்று எழுதியிருந்தது. பனிக்காலத்தில் ஊரைவிட்டு நடந்துபோகும் ஒருவனைப் பற்றிய பாடல் வரிசை அது. கடைசிப் பாடலில் பனிக்கட்டியின்மேல் வெறுங்காலோடு நின்று, பிடியைச் சுழற்றி ஒலிக்கச்செய்யும் சுழற்றுயாழ் என்ற நரம்புக்கருவியை வாசிக்கும் கிழவன் வருகிறான். நிமிடம் எழுதும் இடத்தில், 'முதலிலிருந்து முடிவுவரை, இடதுகை' என்று இருந்தது. அதன் கீழே: 'ஐம்பது ஆண்டுகளாக இதைக் கேட்டிருக்கிறேன். இது உன் தம்புரா என்பது இந்த மாதம்தான் தெரிந்தது.'

கேட்டேன். பியானோவின் இடதுகை ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்துப் பிடித்தபடி, பாடல் முடியும்வரை அசையவே இல்லை. கைப்பேசியில் தம்புரா செயலியைத் திறந்து அந்தப் பாடகரின் சுருதிக்குச் சேர்த்து, அறை அளவான ஒலியில் வைத்துக்கொண்டு, பாடலை முதலிலிருந்து மீண்டும் ஓடவிட்டேன்.