ஐட்லரா, பெல்ட்டா, டைரக்ட் டிரைவா: பழைய டர்ன்டேபிள் வாங்குமுன்

வானொலி நிலையங்கள் இசைத்தட்டைச் சுழற்றும் கருவியான டர்ன்டேபிளிடம் முதலில் எதிர்பார்த்தது சட்டென்று ஓடத் தொடங்குவதைத்தான். அறிவிப்பாளர் வாய் மூடியதும் பாட்டின் முதல் சுரம் இழுபடாமல் விழவேண்டும். 33⅓ ஆர்.பி.எம். வேகத்தில் தட்டு விநாடிக்கு 200 டிகிரி சுற்றுகிறது. ஆகவே முள்ளை முதல் ஒலியில் நிறுத்திவிட்டுத் தட்டைப் பின்னால் எவ்வளவு திருப்பி வைப்பது என்பதை, மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் அமைப்பான டிரைவ்தான் முடிவு செய்யும்.

அந்தக் காலத்து விடை ஐட்லர். மோட்டார் புல்லிக்கும், இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் பிளாட்டரின் உள்விளிம்புக்கும் நடுவே ரப்பர் விளிம்பு வைத்த ஒரு சக்கரம், அவ்வளவுதான். பிபிசி பயன்படுத்திய கராட் 301, ஜெர்மானிய ஈஎம்டி 930 எல்லாம் இந்த வகை. ஈஎம்டியில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு: கனமான பிளாட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், அதன்மேல் உள்ள இலேசான தட்டை மட்டும் பிரேக் பிடித்து வைத்திருக்கும். பிரேக்கை விட்டால் இசைத்தட்டு உடனே வேகம் பிடித்துவிடும். வீட்டுக்கு வந்த ஐட்லர்களில் சுவிஸ் நாட்டு லென்கோ எல்75 தனி ரகம். கூம்பு வடிவ மோட்டார் தண்டில் செங்குத்தான சக்கரம் நகரும். வேகத்தை இடைவெளியில்லாமல் கூட்டிக் குறைக்கலாம்.

ஐட்லருக்கு நாம் கொடுக்கும் விலை 'ரம்பிள்', அதாவது இசைக்கு அடியில் கேட்கும் தாழ்ந்த உறுமல். நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்குக் கிட்டத்தட்ட 25 முறை சுற்றும். அந்த அதிர்வு ரப்பர் வழியாக நேரே பிளாட்டருக்கு ஏறும். ரப்பர் இறுகியிருந்தால் இன்னும் மோசம். சக்கரம் புல்லியில் அழுந்தியபடியே வருடக்கணக்கில் கிடந்திருந்தால் ஓரிடம் தட்டையாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்று கேட்கும். உப்புத்தாளால் தேய்த்து இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், வட்டமே கெட்டுப்போகும். புது ரப்பர் போட்டுக் கடைசலில் சீவித் தரச் சொல்வதே வழி. வழுக்கல் மட்டும்தான் என்றால் ரப்பரையும் பிளாட்டரின் உள்விளிம்பையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். ஐட்லர் புஷ்ஷுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய்; கூடினால் தெறித்து ரப்பரில் ஏறி, மறுபடி வழுக்கும். 301இல் வேகத்தைச் சரிசெய்வது காந்த பிரேக். அதைத் தொடுமுன் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடேற விடவேண்டும்.

பெல்ட் டிரைவ் வீட்டுக்காக வளர்ந்தது. 1961இல் வந்த ஏஆர், 1965இன் தோரன்ஸ் டிடி 150 இரண்டிலும் பிளாட்டரும் முள்ளைத் தாங்கும் ஆர்மும் ஸ்பிரிங்கில் மிதக்கும். டிடி 150இன் 16 துருவ சின்க்ரனஸ் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்பச் சுற்றும்) மோட்டார் 375 ஆர்.பி.எம்.மில்தான் சுற்றும். அதன் சுழற்சி அதிர்வு காதுக்கு எட்டாத அளவுக்குக் கீழே. மிச்சத்தை பெல்ட் வாங்கிக்கொள்ளும். தட்டைப் பின்னால் திருப்பி 'கியூ' போட இதில் முயன்றால் பெல்ட் நழுவும், ஸ்பிரிங் ஆடும். நிலையங்கள் இதை நாடாததில் வியப்பில்லை.

பெல்ட் வாங்கும்போது நீளத்தோடு தடிமனையும் பாருங்கள். புல்லி விட்டம் 10 மி.மீ. என்றால், பெல்ட் 0.2 மி.மீ. தடித்தாலே வேகம் ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். அது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று விற்கும் பெல்ட்டுகளை நான் தொடமாட்டேன். பழைய பெல்ட் உருகித் தார் போல ஒட்டியிருந்தால் புல்லியை முழுதாகச் சுத்தம் செய்த பிறகே புதியதை மாட்டவேண்டும்.

1970இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 வந்ததும் வானொலியின் கணக்கு மாறியது. இதுதான் டைரக்ட் டிரைவ்: மோட்டாரே பிளாட்டரின் அச்சு. அடுத்து வந்த, குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்போடு வேகத்தைப் பூட்டி வைக்கும் மார்க் 2 வேகம் பிடிக்க 0.25 விநாடி. சீராக முடுக்கினால் தட்டு 25 டிகிரிதான் நகர்ந்திருக்கும். டிஜேக்களின் எஸ்எல்-1200 மார்க் 2க்கு 0.7 விநாடி, அதுவும் தாராளம். இங்கே பழுதாவது மின்னணுப் பகுதி: காய்ந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், வெடித்த சால்டர் இணைப்பு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், அழுக்கேறிய பிட்ச் ஸ்லைடர். வேகம் திடீரென்று தாவினால் முதலில் ஸ்லைடரைச் சுத்தம் செய்யுங்கள். மோட்டார் ஐசி போயிருந்தால் மாற்று கிடைக்கிறதா என்று தேடிவிட்டே விலை பேசுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் மெஷினில் இன்னொரு கண்ணி. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் ஐட்லரோ, ஏசி மோட்டார் பெல்ட்டோ நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓க்குப் பதில் சுமார் 27.8இல் ஓடும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும். வேகத்துக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி வேண்டும். ஜப்பானின் 100 வோல்ட் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் மட்டும் போதும்.

வேகம் பார்க்க 50 ஹெர்ட்ஸுக்கான 180 கோடு ஸ்ட்ரோப் தட்டைச் சுழலவிட்டு நியான் விளக்கின் கீழ் பாருங்கள், வேகம் சரியென்றால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும்; பல எல்இடி பல்புகள் துடிக்காமல் எரிவதால் கோடுகள் நிற்கவே நிற்காது. கோடு அசையாமல் நின்றும் சுருதி ஆடினால், டிரைவை விட்டுவிட்டு இசைத்தட்டின் துளையைப் பாருங்கள். துளை 0.2 மி.மீ. விலகியிருந்தால் 100 மி.மீ. ஆரத்தில் வேகம் ±0.2 சதவீதம் ஆடும். நல்ல டிரைவ் எதன் 'வவ்' (மெதுவான வேக ஆட்டம்) அளவையும் விட இது அதிகம்.