சோர்கோரில் ஒரு காலை

விடியற்காலை ஐந்தரைக்கே துடைப்பச் சத்தம் கேட்டது. கானாவின் தலைநகரான அக்ராவில், கடலை ஒட்டிய மீனவர் பகுதி சோர்கோர். நண்பருக்குத் தெரிந்த ஒரு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே எல்லோரும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நடுவில் முற்றம், சுற்றிலும் எட்டு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். பெண்கள் முறை வைத்துப் பெருக்குகிறார்கள். பெருக்கி முடித்த மண்ணில் ஒரு துரும்பு இல்லை. ஏழைகளுக்குச் சுத்தம் தெரியாது என்று சொல்பவர்கள் யாராவது அன்று என்னோடு இருந்திருக்க வேண்டும்.

அந்த எட்டுக் குடும்பங்களுக்கும் கழிப்பறை கிடையாது. ஆன்ட்டி என்னைத் தெருமுனைப் பொதுக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனார். வாசலில் ஒருவர் உட்கார்ந்து காசு வாங்கிக்கொண்டு, துடைக்க ஒரு துண்டுத் தாள் தருகிறார். ஒரு தடவைக்கு, கானா பணத்தில், இரண்டு சேடி. வரிசை நீளம். ஆன்ட்டி வீட்டில் ஆறு பேர். ஆளுக்கு ஒரு தடவை போனாலே ஒரு நாளைக்கு 12 சேடி ஆகிவிடும். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் என்ன செய்வார்கள்? கேட்டேன். அவர் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார். பிள்ளைகள் தினமும் அங்கேதான் போகிறார்கள். படகுகள் வந்து மீன் இறங்குவதும் அதே மணலில்தான்.

தண்ணீரும் காசுக்குத்தான். குழாயில் வராத நாட்களில் பக்கத்துத் தொட்டிக்காரரிடம் வாளிக் கணக்கில் வாங்கி டிரம்மில் ஊற்றி வைக்கிறார்கள். குடிக்க 500 மில்லி பிளாஸ்டிக் பை. நகரம் முழுக்க அதற்குப் பெயர் 'பியூர் வாட்டர்'. பல்லால் மூலையைக் கடித்துக் குடித்துவிட்டுப் போடும் பைகள் சாக்கடையை அடைக்கின்றன. மழைக்காலத்தில் அந்தச் சாக்கடை முற்றத்துக்குள் வந்துவிடுமாம்.

சோர்கோருக்குப் பக்கத்திலேயே கோர்லே கோனோ. அங்கே ஒரு கரைக்கு 'லாவண்டர் ஹில்' என்று பெயர். லாவண்டர் ஒரு வாசனைப் பூ. அடித்த நாற்றத்துக்குக் கேலியாக ஊரார் வைத்த பெயர் அது. நகரத்துக் கழிவுத் தொட்டிகளில் உறிஞ்சியதை லாரிகள் பல ஆண்டுகளாக அங்கே நேராகக் கடலில் கொட்டின. பங்களாக்களின் தொட்டியில் நிறைந்ததும் இந்தக் கரைக்குத்தான் வந்தது. 2016-ல் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகுதான் மாற்றம். அதுவரை பணக்கார வீட்டின் சுத்தத்துக்கு இந்தக் குழந்தைகள் விலை கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

2014-ல் காலரா வந்தபோது கானா முழுவதும் 28,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 240 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பகுதி அக்ரா வட்டாரத்தில். அப்போது இந்த முற்றத்திலும் இரண்டு பேர் படுத்தார்களாம். "நான் கையைக் கழுவினேன், பாத்திரத்தை மூடினேன், ஆனாலும் வந்தது" என்றார் ஆன்ட்டி. அவர் பிழை ஒன்றுமில்லை. 1991-ல் ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்தோடு சேர்ந்து ஜேக்கப் சாங்ஸோரே போன்ற கானா ஆய்வாளர்கள் அக்ராவில் 1,000 வீடுகளை ஆய்வு செய்தார்கள். பல குடும்பங்கள் பகிரும் கழிப்பறை, தடைப்படும் குழாய், சமையலிடத்து ஈ, திறந்தவெளியில் மலம் கழிக்கும் குழந்தைகள் எல்லாம் சேரச் சேரக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு கூடுவதை அந்த ஆய்வு காட்டியது. சந்து முழுக்க அழுக்கு இருக்கும்போது, ஒரு வீடு தன் வாசலோடு அதை நிறுத்திவிட முடியாது.

அப்புறம் புகை. 1970 வாக்கில் இந்த ஊரில் உருவாகி, இதன் பெயரையே தாங்கி ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் போன மீன் புகையூட்டும் அடுப்பு ஒன்று உண்டு. செவ்வகச் சுவர்மேல், அடியில் கம்பிவலை உள்ள மரச்சட்டத் தட்டுகளை அடுக்குவார்கள். பழைய வட்ட அடுப்பைவிட விறகு குறைவு, மீனும் அதிகம் கொள்ளும். ஆனாலும் நாள் முழுக்க அதன் முன்னால் நிற்பது பெண்கள்தான். ஒருத்தி முதுகில் குழந்தையைக் கட்டியபடி தட்டைத் திருப்பினாள். குழந்தை இருமியது. அவள் நகர்ந்து நின்றாள், புகையும் அந்தப் பக்கமே திரும்பியது.

கிளம்பும் முன் ஆன்ட்டி கெங்கியும் (புளித்த மக்காச்சோள மாவில் செய்த உருண்டை) பொரித்த மீனும் வைத்தார். சாப்பிட உட்கார்ந்ததும் டிரம்மில் ஒரு குவளை மொண்டு என் கையில் ஊற்றினார். போதும் என்றேன். இன்னொரு குவளையும் ஊற்றினார்.