எந்த மாதத்துக் கடல்?

கடலை யார், எங்கே, எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று வரைபடத்தில் குறிக்கும் திட்டமொன்றில் சில காலம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கள உத்தியோகத்தராக இருந்தேன். வெளிநாட்டு நிதி, வெளிநாட்டு நிபுணர்கள், கொழும்பில் அச்சடித்த படிவங்கள். கல்லடியில், கரையில் நின்று வலை இழுக்கும் ஒரு கரைவலைக்காரரிடம் படத்தை விரித்து, இந்த இடம் யாருடையது என்று கேட்டேன். "எந்த மாசத்தில தம்பி?" என்றார்.

நியாயமான கேள்வி. மாரியில் கடல் கொந்தளித்துக் கிடக்கும், கரைவலை வளைக்க முடியாது. கடல் அடங்கியதும் அதே தண்ணீரில் பாடு பிரித்து, அதாவது ஆளுக்கொரு வலை போடும் இடமாகப் பிரித்து, முறை வைத்து வலை போடுவார்கள். அந்தப் பாட்டின் குறுக்கே இயந்திரப் படகு வந்தால் சண்டைதான். இப்படிக் கடலைப் பங்கிட்டுத் திட்டமிடும் வேலைக்கு, அதாவது கடல்சார் இடத் திட்டமிடலுக்கு, யுனெஸ்கோ 2009இல் வெளியிட்ட வழிகாட்டியும் இடத்தோடு காலத்தையும் சேர்த்தே பேசுகிறது. எங்கள் படிவத்தில் மட்டும் ஓர் இடத்துக்கு ஒரே நிறம். மாதங்களைக் கையால் ஓரத்தில் எழுதினோம். அச்சாகி வந்த படத்தில் அவை இல்லை.

ஆழ்கடல் விஷயம் வேறு. அங்கே நாடுகளுக்கு இடையிலான ஏற்பாடுகள் உண்மையிலேயே கடிக்கும். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை போட்டது, 2016இல்தான் நீக்கியது. வாழைச்சேனைத் துறைமுகத்துப் பலநாள் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி ஏறியதற்கு அந்தத் தடை முக்கியக் காரணம். முதலாளிமார் இன்றும் முணுமுணுக்கிறார்கள், ஆனால் பூட்டினார்கள். சந்தை அடைபட்டால் வேறு என்ன செய்வது? சூரை மீனுக்கு சீஷெல்ஸில் தலைமையகம் வைத்த ஆணைக்குழு இருக்கிறது, வங்காள விரிகுடாவுக்கு சென்னையில் ஓர் அமைப்பு இருக்கிறது. நாட்டுக்கு மீன்பிடி உரிமையுள்ள 200 கடல் மைலுக்கும் அதற்கு அப்பாலும் பேச ஆளுண்டு.

கரையோரத்தில் பக்கத்து ஊரோடு பேசத்தான் ஆளில்லை. அம்பாறை மாவட்டத்து ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடனில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் வடக்கு நோக்கி நகரும். குறுக்கே துறைமுகத்தின் அலைதடுப்புக் கல் அணை வந்ததும் நகர்ந்த மணல் துறைமுக வாயில் சேர்ந்து அடைத்தது. வடக்கே கரை அரித்து, தென்னந்தோப்புகள் கடலுக்குள் போயின, நிந்தவூர்ப் பக்கமும் பாதிக்கப்பட்டது. இதுவும் சர்வதேச ஒத்துழைப்புத்தான், என்ன செய்ய! கடலில் ஒன்றைக் கட்டினால் அடுத்த கரைக்கு என்ன ஆகும் என்று முதலில் பார்ப்பதற்குத்தானே இந்தத் திட்டமிடலே?

நாங்கள் கூட்டம் வைத்தபோது படகுக்காரர்கள் துறைமுக வாயைத் தோண்டச் சொன்னார்கள். காணி இழந்தவர்கள், தோண்டுகிற மணலை எங்கே கொட்டுவீர்கள் என்று சொல்லிவிட்டுத் தோண்டுங்கள் என்றார்கள். இரண்டு தரப்பும் சொன்னதை எழுதிக்கொண்டோம். அடுத்த கூட்டத்துக்கு நிதி வரவில்லை.