உழக்குக் கணக்கு

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

பங்குனி வெயில் ஏறிவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் இது வத்தல் போடுகிற காலம். எழுபது, எண்பதுகளில் இந்த மாதம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வேட்டி விரித்திருக்கும், தார்சாவில் (முன்தாழ்வாரத்தில்) சுளவு (முறம்) காய்ந்துகொண்டிருக்கும், அதற்குக் காவலாக ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

அந்தக் காலச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் கடைசியில் "அதெல்லாம் கைப்பக்குவம்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கையில் ஓர் உழக்கு இருந்ததே, அதை ஏன் மறக்க வேண்டும்? ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு, உழக்கு இரண்டு ஓர் உரி, உரி இரண்டு ஒரு நாழி, நாழி எட்டு ஒரு குறுணி. 1962-ல் கிலோவும் லிட்டரும் கட்டாயமான பிறகும் கடையில்தான் கிலோ வந்தது. அடுப்பங்கரையில் உழக்கு அப்படியே இருந்தது. உழக்கு ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் ஒரு வீட்டில் அரிசிக்கும் பருப்புக்கும் தண்ணீருக்கும் அதே உழக்குதான் என்பதால் விகிதம் பிசகாது. அந்த விகிதங்களை எழுதி வைக்கத்தான் இந்த நாட்குறிப்பு.

முதலில் கூழ் வத்தல். ஒரு கிலோ புழுங்கலரிசிக்கு மொத்தம் 6 லிட்டர் தண்ணீர். மத்தியானம் ஊறப்போட்டு, சாயங்காலம் சந்தனம்போல ஆட்டி, ராத்திரி முழுக்க வைத்திருந்தால் மாவு லேசாகப் புளிக்கும். ஆட்டும்போதே ஒன்றரை லிட்டர் போய்விடும். மிச்சம் நாலரை லிட்டரை விடியற்காலை 4 மணிக்கு அண்டாவில் கொதிக்க வைத்து, 30 முதல் 35 கிராம் கல்லுப்பு, 20 பச்சை மிளகாய் அரைத்த விழுது, பெருங்காயத் தண்ணீர், ஒரு கை சீரகம் போட்டு, மாவை ஒருவர் ஊற்ற ஒருவர் துடுப்பால் கிண்ட வேண்டும். ஒரே ஆள் செய்தால் கட்டி தட்டும். கூழை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு கொஞ்சம் மந்தமாகவே தெரிய வேண்டும். தண்ணீர் வெயிலில் போய்விடும், உப்பு போகாது. வத்தல் கரிப்பதற்குப் பாதிக் காரணம் கூழிலேயே உப்புச் சரி பார்த்ததுதான்.

மாவின் வெள்ளை மங்கி, கூழ் கண்ணாடிபோல மினுங்க வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் வெந்த அடையாளம். வேகாத கூழ் காயும்போதே விரிசல் விட்டுப் பொடியும். எண்ணெயில் போட்டால் மலராமல் கல்லாக நிற்கும். இறக்கி வைத்த பிறகுதான் மூன்று எலுமிச்சம்பழச் சாறு. வத்தல் வெள்ளையாக இருப்பது அதனால்தான்.

வேட்டியை நனைத்துப் பிழிந்து, பாய்மேல் சுருக்கமில்லாமல் விரித்து, ஏழு மணிக்குள் கரண்டி கரண்டியாக ஊற்றி முடிக்க வேண்டும். அதற்குமேல் காற்று எழும்பி மண் விழும். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் தண்ணீர் தெளித்து, இரண்டு நிமிஷம் பொறுத்து இழுத்தால் வத்தல் "சர்" என்று உரிந்து வரும். வேட்டியின் நூல் வரிசை அதன் வயிற்றில் அச்சாகப் பதிந்திருக்கும். அந்த அச்சுத் தெரியாத வத்தல் தாளில் ஊற்றியது என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். பிறகு சுளவில் இரண்டு, மூன்று வெயில். கையால் ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். சூடாக இருக்கும்போதே டின்னில் அடைத்தால் மூடியில் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ராத்திரி ஆறவிட்டு அடைக்க வேண்டும்.

முதல் நாள் மேகம் மூடினால் பெரிய நஷ்டம். அன்று மேல்தோல்கூடக் காயாத கூழ் புளித்து நாறும். அந்த வாடை எத்தனை வெயில் காட்டினாலும் போகாது. அதனால்தான் பங்குனி, சித்திரை.

2025 ஏப்ரல் 10, வியாழன்

காய் வத்தல்கள். சீனியவரைக்காயை (வடக்கே கொத்தவரங்காய்) முனை கிள்ளி, உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் மூன்று நிமிஷம் விட்டு எடுத்துக் காயவைக்க வேண்டும். இந்த அவிப்பைத் தவிர்த்தால் காய் வைக்கோலாகிவிடும், குழம்பில் எவ்வளவு வெந்தாலும் நார்தான். கத்தரிக்காய்க்கும் இதே முறைதான், ஆனால் ஒரு கொதி போதும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசல்காட்டிலிருந்து மிதுக்கங்காய் வரும். அதன் கசப்புதான் ருசி என்பதால் உப்பு மட்டும்.

மோர் மிளகாய்க்கு ஒரு கிலோ பச்சை மிளகாய், ஒரு லிட்டர் புளித்த தயிர், 125 கிராம் கல்லுப்பு. காம்பை விட்டுவிட்டு நுனியில் கீற வேண்டும். கீறாத மிளகாய்க்குள் உப்பு இறங்காது, எண்ணெயில் வெடிக்கவும் செய்யும். மூன்று நாள் ஊறல். அதன்பின் பகலில் வெயிலில் காய வேண்டும், ராத்திரி அந்த மோருக்குள்ளேயே திரும்பப் போட வேண்டும். மோர் முழுக்க உறிஞ்சித் தீரும்வரை இந்தப் போக்குவரத்து. இப்போது பாக்கெட்டில் கிடைப்பதில் பெரும்பாலும் உப்பு மட்டும்தான் தெரிகிறது, மோர் தெரிவதில்லை. ராத்திரி ஊறலை விட்டுவிட்டால் அப்படித்தான் ஆகும்.

2025 ஏப்ரல் 20, ஞாயிறு

பதநீர்க் காலம். உடன்குடி, திசையன்விளை, சாத்தான்குளம் என்று செம்மணல் தேரிக்காட்டு ஓரம் முழுக்கப் பனை. (1986-ல் தூத்துக்குடி தனியாகப் பிரியும்வரை உடன்குடியும் சாத்தான்குளமும் திருநெல்வேலி மாவட்டம்தான்.) பனையேறி காலையும் மாலையும் ஒவ்வொரு மரமும் ஏறிப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவுவார். ஒரு நாள் சீவல் தப்பினால் பாளைக் கண் அடைபட்டு ஊறல் குறைந்துவிடும். அந்தத் தொழிலில் லீவு என்பது கிடையாது.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். கூடினால் பதநீர் வெளுத்து, நாக்கைக் காந்தும். அதில் காய்ச்சிய கருப்பட்டியும் கறுத்துக் கைக்கும். சரியான பதநீரில் சுண்ணாம்பு அடியில் தெளிந்து நிற்கும், மேலே மங்கலான கண்ணாடி நிறம். ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கை நோண்டிப் போட்டுக் குடித்தால்தான் அதற்கு மரியாதை. எவர்சில்வர் டம்ளரில் ஓலை வாசனை கிடையாது.

கருப்பட்டிக்கு இறுத்த பதநீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, காய்ந்த ஓலை, மட்டை, உடைமுள் போட்டு எரிக்க வேண்டும். 8 முதல் 10 லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். நுரைத்துப் பொங்கும் நேரத்தில் இரண்டு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் அதன் எண்ணெயில் நுரை அடங்கும். பாகு இறுகிவரும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. உருட்டினால் மெழுகுபோல உருண்டு நின்றால் உடனே இறக்கித் துடுப்பால் கடைந்து, நனைத்த சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். அதற்குமேல் ஒரு நிமிஷம் அடுப்பில் நின்றாலும் கருகல் வாடை ஏறிவிடும்.

2025 ஏப்ரல் 22, செவ்வாய்

கருப்பட்டியைப் பற்றி விட்டுப்போனது. சீனி கலந்த கருப்பட்டியை உடைத்தால் உடைந்த முகம் பளபளக்கும், சின்னச் சின்னக் கற்கண்டு மணிபோல மினுங்கும். நல்லது மங்கலாக, மண்நிறமாக இருக்கும். இனிப்புக்குப் பின்னால் மெல்லிய உப்பு வரும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கருப்பட்டி கசிந்து உருகும். பழைய வீடுகளில் அடுப்புக்கு நேர்மேலே பரணில் ஓலைப்பெட்டியில் வைத்ததற்குக் காரணம் அதுதான். புகையும் சூடும் ஈரத்தை அண்டவிடாது. ஒரு வருஷம் புகை குடித்த கருப்பட்டிக்கு மருந்துக் கடைக்காரர்கள் கூடுதல் விலை தருவார்கள்.

காப்பிக்கு நாலு டம்ளர் தண்ணீர், எலுமிச்சை அளவு இரண்டு துண்டு கருப்பட்டி, தட்டிய சுக்கு ஒரு விரல்கணு. கருப்பட்டி கரைந்ததும் வடிகட்ட வேண்டும், அடியில் மணல் நிச்சயம் இருக்கும். அதற்கப்புறம்தான் காப்பித்தூள். பாலை இதோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். பால் வேண்டுமென்றால் தனியாகக் காய்ச்சி, இரண்டும் சற்று ஆறிய பிறகு டம்ளரில் கலக்க வேண்டும்.

2025 மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். இந்த 25 நாளும் காலைக்குப் பழையதுதான் சரி.

சுடுசோற்றில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சோறு குழைந்து ஊளை வாடை வரும். வடித்த சோறு நன்றாக ஆறிய பிறகு, சோற்றுக்குமேல் இரண்டு விரல் நிற்கிற அளவு தண்ணீர். இந்த வெயிலில் 10 மணி நேரம் போதும், 14 தாண்டினால் புளிப்பு ஏறும். அரிசி குண்டாக இருக்க வேண்டும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட அம்பை 16 இதற்கு நன்றாக நிற்கும். பொன்னி மாவாகிவிடும்.

பானை மண்பானை. காருக்குறிச்சிப் பானை வாங்கினால் உடனே சோறு போட வேண்டாம். இரண்டு நாள் தண்ணீர் நிறைத்து வைத்து, மூன்றாம் நாள் அரிசி கழுவின தண்ணீரைச் சிறு தீயில் கொதிக்க வைத்துக் கொட்டிவிட வேண்டும். மண்ணின் நுண்ணிய துளைகளில் கஞ்சி ஏறி அடைத்தால்தான் கசிவு நிற்கும். இதைச் செய்யாத பானை முதல் தீயிலேயே கீறல் விடும், பிறகு கடைக்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய.

தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், முந்தின நாள் மீன்குழம்பு இருந்தால் அது. எதுவும் இல்லாவிட்டால் காணத்துவையல். காணம் (வடக்கே கொள்ளு) ஓர் ஆழாக்கைச் சிவக்க வறுத்து, வத்தல் மிளகாய் 6, புளி கொட்டைப்பாக்கு அளவு, பூண்டு 4 பல், தேங்காய் கால் மூடி, உப்பு. அம்மியில் முதலில் காணத்தைப் பொடித்துவிட்டுத்தான் மற்றது. தேங்காயை முன்னால் வைத்தால் அந்த எண்ணெயில் காணம் வழுக்கி முழுசாகவே கிடக்கும். சோறு தீர்ந்ததும் மிஞ்சுகிற நீச்சத்தண்ணியில் உப்பும் மோரும் கலந்து ஒரு செம்பு.

2025 மே 19, திங்கள்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் தெருவில் வந்து துருத்தி ஊதியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புளி பட்டால் பித்தளை களிம்பேறும், அதனால் குழம்புச் சட்டிக்கு உள்பூச்சு கட்டாயம். பாத்திரத்தைக் கரித்தீயில் காயவைத்து, நவச்சாரப் பொடி தூவினால் வெள்ளைப் புகை எழும்பும். அந்த நொடியே வெள்ளீயக் கம்பியைத் தொட்டுத் துணியால் சுற்றித் தேய்க்க வேண்டும். உள்பக்கம் நிலா மாதிரி வெளுத்துக்கொண்டே வரும். மஞ்சள் திட்டுத் தெரிந்தால் அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது.

ரசம் வைக்கிற ஈயச்செம்பு முழுக்க வெள்ளீயம். அதை வெறுமனே அடுப்பில் வைக்கவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை பயமில்லை. பழைய செம்பு வாங்கினால் காரீயம் கலந்ததா என்று சோதித்துவிட்டுப் புழங்குங்கள். காரீயம் விஷம்.

2025 ஜூன் 15, ஞாயிறு

சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற மறுவீட்டுச் சாப்பாடு. ஆறு பேருக்கு இரண்டு முற்றின தேங்காய், பாசிப்பருப்பு 100 கிராம், சின்ன வெங்காயம் 20, பூண்டு 15 பல், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி. காரத்துக்குப் பச்சை மிளகாய் 8, இஞ்சி ஒரு விரல் நீளம், இரண்டும் அரைத்து. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் பக்கமே போகக் கூடாது.

பால் மூன்று தடவை எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும். இரண்டாம் பாலில் வெந்த பருப்பும் அரைத்த விழுதும் சேர்ந்து கொதிக்கும். முதல் பால் கடைசியில். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரியும். எலுமிச்சை அடுப்பை விட்டு இறக்கிக் கொஞ்சம் ஆறிய பிறகு. அவசரத்தில் அடுப்பிலேயே பிழிந்து திரிந்துபோன சொதிக்கு மாற்றே இல்லை.

கூடவே இஞ்சித் துவையல் வைப்பது சம்பிரதாயத்துக்காக என்று நினைக்க வேண்டாம். இரண்டு தேங்காய்ப் பால் வயிற்றில் மந்திக்கும், அதை இஞ்சி இறக்கும்.

2025 ஜூலை 20, ஞாயிறு

ஆடி. குற்றாலச் சாரல் தென்காசி, அம்பாசமுத்திரம் வரை தெளிக்கிற காலம். விறகு ஈரமாக இருக்கும் மாதத்தில் ஒரே அடுப்பில் ஒரே பானையில் முடிகிற கூட்டாஞ்சோறு வீட்டுக்கு வீடு நடக்கும்.

அரிசி மூன்று உழக்கு என்றால் துவரம்பருப்பு ஓர் உழக்கு, தண்ணீர் பன்னிரண்டு உழக்கு. பருப்பு பாதி வெந்ததும் அரிசி. அரிசி பாதி வெந்ததும் வாழைக்காய், கத்தரிக்காய், சீனியவரைக்காய், முருங்கைக்காய், ஒரு துண்டு மாங்காய். புளித்தண்ணீரும் மாங்காயும் முந்திவிட்டால் பருப்பும் அரிசியும் விறைத்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை நேரம் எரித்தாலும் மசியாது. ஆகவே மாங்காய் மற்ற காய்களுக்குப் பின்னால், புளி அதற்கும் பின்னால். தேங்காய் அரை மூடி, வத்தல் மிளகாய் 10, சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் சேர்த்துக் கொரகொரவென்று அரைத்துப் போட்டுக் கிளறி, கடைசியில் இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரை. தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிப் பத்து நிமிஷம் மூடி வைக்க வேண்டும்.

இதற்குப் பங்குனியில் போட்ட கூழ் வத்தல்தான் துணை. எண்ணெய் நன்றாகக் காய்ந்து, ஒரு வத்தலைப் போட்டதும் மேலே எழும்பி இரண்டு மடங்காக மலர வேண்டும். காயாத எண்ணெயில் போட்டால் எண்ணெயைக் குடித்துவிட்டுச் சவசவ என்று கிடக்கும். பானையின் அடியில் பொன்னிறமாகக் கொஞ்சம் காந்தல் பிடித்திருக்கும். அதை முதலில் கிண்டி மேலே கொண்டுவந்து கலந்துவிடாமல், எல்லாருக்கும் பரிமாறிய பிறகு சுரண்டி எடுத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, தேடி வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.