ஊசியில்லாத சிரிஞ்சு

மதியம் காய்ச்சல் மருந்தைச் சிரிஞ்சில் எடுத்து மகளின் கன்னத்தோரம் மெதுவாக விட்டேன். எதற்கு, ஏன் என்று எதுவும் இல்லை, அப்படியே விழுங்கினாள்.

என் கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது.

1978 நவம்பர் 18, தென் அமெரிக்காவில் கயானா காட்டுக்குள் ஜோன்ஸ்டவுன், ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மதபோதகர் தன்னை நம்பியவர்களோடு அமைத்த ஊர். அங்கேயும் கைக்குழந்தைகளின் வாயில் இப்படித்தான் விட்டார்கள், திராட்சைச் சுவை பானத்தில் சயனைடைக் கலந்து. முதலில் குழந்தைகளுக்கு.

அங்கே மட்டும் 909 பேர் இறந்தார்கள். அதில் 300க்கும் மேல் சிறுவர்கள். கூட்டுத் தற்கொலை என்றே இன்னும் எழுதுகிறார்கள். கைக்குழந்தை எப்படித் தற்கொலை செய்துகொள்ளும்? சுற்றிலும் துப்பாக்கியோடு காவல் வேறு.

ஜிம் ஜோன்ஸை நம்பிப் போனவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1950களில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்த சபை அவருடையது, பசித்தவர்களுக்குச் சோறு போட்டது, வயதானவர்களைப் பார்த்துக்கொண்டது, அதை நம்பித்தான் போனார்கள்.

அந்தக் கடைசி நாளில் அங்கே பதிவான ஒலிநாடாவில் கிறிஸ்டீன் மில்லர் என்ற பெண் எழுந்து, இந்தக் குழந்தைகள் வாழ வேண்டியவர்கள் என்று வாதாடுகிறார். கூட்டம் கத்தி அவர் குரலை அடக்கிவிடுகிறது.

மகள் தூங்கிவிட்டாள். அடுத்த வேளை மருந்து எட்டு மணிக்கு.