முதலில் கம்பம், பிறகுதான் கணக்கு

காற்றாலை வைக்கும் முன், அந்த இடத்தில் கம்பம் நட்டுக் காற்றை அளந்து, கிடைக்கப்போகும் மின் உற்பத்தியைக் கணக்கிடுகிறோம். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. வேகம் 10 சதவீதம் கூடினால் காற்றிலுள்ள ஆற்றல் 33 சதவீதம் கூடும். காற்றாலை முழுத்திறனை எட்டியபின் உற்பத்தி அதற்கு மேல் ஏறாது. அதனால் ஆண்டுக் கணக்கில் இது சற்று அடங்கித் தெரியும். இருந்தாலும் நடுத்தரமாகக் காற்று வீசும் இடத்தில் வேகத்தில் விழும் 1 சதவீதப் பிழை, உற்பத்தியில் ஒன்றரை, 2 சதவீதமாக வந்து நிற்கும். பெரும்பாலும் அந்தப் பிழை மென்பொருளில் பிறப்பதில்லை, கம்பத்தின் மேலே, நட்டும் போல்ட்டும் முடுக்கிய இடத்தில் பிறக்கிறது.

அளவீட்டுக் கம்பம், வரப்போகும் காற்றாலையின் ஹப் (இறக்கைகள் சேரும் மையம்) உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். 120 மீட்டர் ஹப் என்றால் 80 மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தது மூன்று உயரங்களில் வேகத்தை அளக்கும் கிண்ண அனிமோமீட்டர், இரண்டு உயரங்களில் காற்று வரும் திசையைச் சொல்லும் திசைகாட்டி, மேலே வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் ஒவ்வொரு உணரி. அழுத்தமானியை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு, வேண்டாத சிக்கனம். காற்றின் அடர்த்தி அழுத்தம், வெப்பநிலை இரண்டையும் பொறுத்தது. கடல் மட்டத்தில் 15 டிகிரியில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. அதே மட்டத்தில் 35 டிகிரியில் 1.145 கிலோதான். அட்டவணை மதிப்பை அப்படியே போட்டால் ஆறரை சதவீதம் அங்கேயே தொலைந்தது.

கம்பத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு அனிமோமீட்டரைத் தாங்கும் கையான பூமின் நீளத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். குழாய்க் கம்பத்தில், கம்பத்தால் வரும் பாதிப்பு அரை சதவீதத்துக்குள் அடங்க, அனிமோமீட்டர் கம்பத்தின் மையத்திலிருந்து அதன் விட்டத்தைப் போல் 8.2 மடங்கு தள்ளி நிற்க வேண்டும். கம்பத்தின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் 1.64 மீட்டர். ஒரு மீட்டர் பூம் போட்டுவிட்டு ஓராண்டு அளப்பது வீண் வேலை. பூமுக்கு மேலே கிண்ணங்கள் பூம் விட்டத்தைப் போல் குறைந்தது 15 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு உயரத்தில் சுழல வேண்டும். அதிகம் காற்று வரும் திசைக்குக் குழாய்க் கம்பத்தில் 45 டிகிரி, முக்கோணச் சட்டக் கம்பத்தில் 60 டிகிரி விலகலில் பூம் நீட்டினால் பாதிப்பு குறைவு.

திசைகாட்டியின் வடக்கை இரும்புக் கம்பத்தடியில் நின்றுகொண்டு காந்த ஊசியால் பார்த்தால் ஊசியே ஏமாற்றும். கம்பத்தை விட்டுத் தள்ளி நின்று, பூமின் நேர்க்கோட்டில் பார்த்துக் குறிக்க வேண்டும். காந்த வடக்கா, உண்மை வடக்கா என்பதும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

திசைகாட்டியின் பிழையைத் தரவிலிருந்தே பிடிக்கவும் வழி உண்டு. ஒரே உயரத்தில் எதிரெதிர்ப் பூம்களில் இரண்டு அனிமோமீட்டர், ஒன்று 60 டிகிரியை நோக்கி, மற்றது 240 டிகிரியை நோக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதின் வேகத்தை இரண்டாவதின் வேகத்தால் வகுத்து, திசைக்கு எதிராக வரையுங்கள். காற்று 240இலிருந்து வரும்போது முதலாவது கம்பத்தின் நிழலில் விழும், விகிதம் சட்டெனப் பள்ளமாகும். 60இல் மேடு தெரியும். பள்ளம் 252இல் விழுந்தால், பூமின் திசை சரியாகக் குறிக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், திசைகாட்டி 12 டிகிரி கூட்டிச் சொல்கிறது என்று பொருள். இதே விகிதத்தை மாதவாரியாகப் பாருங்கள்: மெல்லச் சரிந்துகொண்டே போனால் முதலாவது அனிமோமீட்டரின் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கலாம். ஏதோ ஒரு நாளில் படிக்கட்டுபோல் இறங்கினால், உணரியை மாற்றியவர், அளவுகளைப் பதியும் டேட்டா லாகரில் பழைய அளவுத்திருத்த எண்ணையே விட்டிருக்கலாம்.

உயரத்துக்கு உயரம் வேகம் கூடுவதைக் கணிக்கும்போது சின்னப் பிழைகள் பெருகும். 50 மீட்டரில் வினாடிக்கு 6.5 மீட்டர், 80இல் 7.0 என்றால், உயரத்தோடு வேகம் கூடும் அளவைச் சொல்லும் ஷியர் அடுக்கு 0.158, அதன்படி 120 மீட்டரில் 7.46 வரும். கீழேயுள்ள அனிமோமீட்டர் 1 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தால் அடுக்கு 0.179 ஆகிவிடும், 120இல் 7.53. கீழே ஒரு கருவி தவறினால், மேலே உற்பத்தி கூடிக் காட்டும்! பகலில் ஷியர் குறைவு, இரவில் அதிகம் என்பதால், ஒரே சராசரி அடுக்கைக் கட்டிக்கொண்டு அழாமல் மணிவாரியாகக் கணக்கிடுவது நல்லது.

அளவீடு குறைந்தது 12 மாதம். 14 மாதத் தரவை அப்படியே சராசரி எடுப்பது பலரும் செய்யும் தவறு. கூடுதல் இரண்டு மாதம் காற்றுக்காலமாக இருந்தால், அவை இரண்டு முறை எண்ணப்பட்டு, சராசரி வீங்கும். காற்று மிகுந்த காலத்தில் லாகர் பழுதாகி மூன்று வாரத் தரவு போனால் அது எதிர்த்திசையில் இழுக்கும். ஓராண்டு என்பதே நீண்டகாலச் சராசரியிலிருந்து 6 சதவீதம் அளவுக்கு விலகுவது சாதாரணம். எனவே, பழைய வானிலை அளவீடுகளைக் கணினி மாதிரியில் சேர்த்துப் பல ஆண்டுக் காற்றைக் கணித்துத் தரும் ஈஆர்ஏ5 போன்ற மறுபகுப்பாய்வுத் தரவுடன் ஒப்பிட்டு, 15, 20 ஆண்டுக்கு நீட்டிக்கிறோம். ஒப்பீட்டுத் தரவில் நடுவே படிக்கட்டு ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்காவிட்டால், அந்தப் படி உங்கள் கணக்கிலும் ஏறும்.

சராசரி வேகம் மட்டும் கதையைச் சொல்லாது. எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் காற்று வீசுகிறது என்பதை விவரிக்கும் வைபுல் பரவலின் வடிவ எண் 2 என்றால், காற்றின் சராசரி ஆற்றல், சராசரி வேகத்தின் மூன்றாம் அடுக்கிலிருந்து கிடைப்பதைப்போல் 1.91 மடங்கு. வடிவ எண் 3 என்றால் 1.40 மடங்குதான். சராசரி வேகம் ஒன்றேயான இரு இடங்கள் இப்படித்தான் பிரிந்துபோகின்றன.

தரையிலிருந்து லேசர் கதிரால் காற்றை அளக்கும் லைடார் பற்றி ஒரு வார்த்தை: சமதளத்தில் அருமையான கருவி. மேடுபள்ளத்தில், தான் வருடும் வட்டம் முழுக்கக் காற்று ஒரே சீராக வீசுகிறது என்று எடுத்துக்கொள்வதால், பல சதவீதம் பிழை வரும். கம்பத்தோடு சேர்த்து வையுங்கள்.

கடைசியில் எல்லாப் பிழைகளும் ஒரே எண்ணாகச் சேரும். மொத்த நிச்சயமின்மை 8 சதவீதம் என்றால், பி90, அதாவது 90 சதவீத வாய்ப்போடு கிடைக்கும் உற்பத்தி, பி50இல் (பாதி வாய்ப்போடு கிடைக்கும் உற்பத்தியில்) 90 சதவீதம். அதுவே 11 சதவீதமானால் 86 சதவீதம். வங்கி கடன் தொகையை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த எண்ணை வைத்துத்தான்.