பத்து வேட்பாளர், நான்கு நாற்காலி

2022 நவம்பர் 5, வேட்புமனு தாக்கல் முடிந்தபோது கோலாலம்பூரில் 'பத்து' (Batu) என்ற பெயருள்ள நாடாளுமன்றத் தொகுதியில் களத்தில் நின்றவர்கள் பத்துப் பேர். வேட்பாளர்களை அழைத்து நடத்தும் ஒரு மணி நேர உரையாடல் நிகழ்ச்சியில் தொடக்கம், முடிவு, விளம்பரம் போக 50 நிமிடம் மிஞ்சும். ஆளுக்கு ஐந்து நிமிடம். அதிலும் ஒன்றரை நிமிடம் கேள்விக்கே போய்விடும். திடீர் வெள்ளம், அடுக்குமாடிகளில் பழுதாகிக் கிடக்கும் மின்தூக்கி என்று எதை எடுத்தாலும் இரண்டாவது கேள்விக்கு இடமிருக்காது. யாரையாவது விடத்தான் வேண்டும். எந்த அளவுகோலில் விடப்போகிறோம் என்பதை வேட்பாளர்களின் பெயர் தெரியவருமுன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பெயர் தெரிந்தபின் எழுதும் விதி, மனத்தில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட ஒருவருக்குத் தைத்த சட்டையாகிவிடும்.

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு, ஒளிபரப்பு நிலையம் ஒரு வேட்பாளருக்கு நேரம் தந்தால் எதிர்த்து நிற்பவர்களுக்கும் சமவாய்ப்பு தரவேண்டும் என்கிறது. செய்தி நேர்காணல்களுக்கு 1959 முதல் விலக்கு உண்டு. இங்கே மலேசியாவில் நம் பாட்காஸ்ட்டையோ யூடியூப் நிகழ்ச்சியையோ கட்டுப்படுத்த அப்படியொரு சட்டம் இல்லை. விதியை நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டும், நேயர்களுக்கும் சொல்ல வேண்டும்.

பெரும்பாலோர் எடுக்கும் அளவுகோல், போன தேர்தலில் வாங்கிய வாக்கு அல்லது கூட்டணியின் பலம். இதன் ஓட்டையை 2018 பொதுத்தேர்தலில் இதே 'பத்து' தொகுதி காட்டியது. வேட்புமனு நாளன்று, அப்போதைய தொகுதி உறுப்பினரும் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியின் வேட்பாளருமான தியான் சுவாவின் மனு நிராகரிக்கப்பட்டது. சுயேச்சையாக நின்ற 22 வயது பி. பிரபாகரனுக்கு அதன்பிறகு பக்காத்தான் ஹராப்பான் ஆதரவு கொடுத்தது; மே 9 அன்று அவர் வென்றார். 'நாடாளுமன்றத்தில் இடம் வைத்திருக்கும் கட்சிகள் மட்டும்' என்று விதி வைத்த நிகழ்ச்சியில் வெற்றி பெறப்போகிறவருக்கே நாற்காலி இருந்திருக்காது.

ஆகவே முழு நேர்காணலுக்கு நால்வரை மட்டும் அழையுங்கள். அந்த நான்கு நாற்காலியில் மூன்றைப் பெரிய கூட்டணிகளுக்கு வையுங்கள். நான்காவதை மற்றவர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்துக் குலுக்கலில் விடுங்கள். வேட்புமனு நாள் மாலையிலேயே, எல்லா வேட்பாளர்களின் பிரதிநிதிகளையும் அழைத்துக் குலுக்கி, அந்தக் காணொளியை வெட்டாமல் வெளியிட வேண்டும். மிஞ்சிய ஆறு பேருக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம், ஒரே கேள்வி, ஒரே வெளிச்சம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைத் தனிக் காணொளியாகப் போடாதீர்கள். யாரும் தேடிப் போய்ப் பார்க்கமாட்டார்கள். நிகழ்ச்சிக்குள்ளேயே சேருங்கள்.

தமிழ் நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு வழக்கமான தவறு உண்டு: தமிழ் பேசும் வேட்பாளர்களை மட்டும் கூப்பிடுவது. தமிழ் வாக்காளரின் கையில் வரும் வாக்குச்சீட்டில் மலாய், சீன வேட்பாளர்களின் பெயரும் இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டால் நம் மக்கள் பாதித் தேர்தலைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய குறை. நேரலையில் மொழிபெயர்த்தால் ஒரு நிமிடப் பதிலுக்கு இன்னொரு நிமிடம் போகும்; கேட்பவர்களுக்கு அவருக்கு மட்டும் இரட்டிப்பு நேரம் கொடுத்ததுபோல் தோன்றும். அதனால் நால்வரையும் முன்கூட்டியே பதிவுசெய்து, காணொளிக்குத் தமிழ் வசனவரி போடுங்கள். ஒலி வடிவத்தில் மூலக்குரலைத் தாழ்த்தி மேலே தமிழ்க்குரல் வரட்டும். வீட்டில் கேட்டபடி வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு அதுதான் வசதி. மொழிபெயர்ப்பாளர் எந்த முகாமிலும் வேலை செய்பவராக இருக்கக்கூடாது.

அழைப்பை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் 'வரவேயில்லை' என்ற பேச்சு எழும். மின்னஞ்சலிலும் அனுப்பி, அலுவலகத்தில் கடிதம் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். பதிலுக்கு 48 மணி நேரம். தலைப்புகளைச் சொல்லலாம், கேள்விகளைச் சொல்லக்கூடாது. 'அவர் வரமுடியாது, இளைஞர் பகுதித் தலைவர் வருவார்' என்பது அடிக்கடி வரும் பதில். ஒத்துக்கொள்ள வேண்டாம், வாக்குச்சீட்டில் இருப்பது அந்த இளைஞர் தலைவரின் பெயரல்ல. ஒருவர் மறுத்தால், எந்தத் தேதியில் அழைத்தோம், என்ன பதில் வந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பதிவின்போது ஒருவர் கையில் கடிகாரம் இருக்கட்டும். வேட்பாளர் பேசும் நேரத்தை மட்டும் எண்ணுங்கள். குறுக்கே விழுந்து பேசியவருக்கு அந்த நொடிகள் அவர் கணக்கில் சேரும். ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் 32. அந்த ஆறு பேரின் 12 நிமிடத்தோடு 44. மிச்ச ஆறு நிமிடத்துக்குள் கேள்விகள் எல்லாம் அடங்க வேண்டும். நீண்ட முன்னுரையோடு கேட்கும் அறிவிப்பாளரால் இந்தக் கணக்கு உடையும்.

வேட்பாளர் தரப்பிலிருந்து பணம் வாங்கினால் அது நேர்காணல் அல்ல, விளம்பரம். நாடாளுமன்ற வேட்பாளரின் 2 லட்சம் ரிங்கிட் செலவு வரம்புக்குள் வரவேண்டியது. தேநீருக்கு மேல் எதையும் வாங்காமலிருப்பதே நல்லது.

நாளைத் தேர்வதில் பலர் கோட்டை விடுகிறார்கள். இரவில் வேட்பாளர்கள் செராமாவுக்கு (தேர்தல் பிரசாரக் கூட்டத்துக்கு)ப் போய்விடுவார்கள். பிற்பகல் 2 முதல் 4 வரைதான் ஆள் கிடைக்கும். 2022இல் வாக்களிப்பு நவம்பர் 19. ஆனால் இராணுவத்தினரும் காவல்துறையினரும் 15ஆம் தேதியே முன்கூட்டி வாக்களித்தார்கள். ஆகவே 5ஆம் தேதி மாலை குலுக்கல், 6ஆம் தேதி கடிதம், 10ஆம் தேதி பதிவு, 13ஆம் தேதிக்குள் வெளியீடு என்று வைத்தால்தான் அந்தக் குடும்பங்களும் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வாக்களிக்க முடியும்.